வண்டி நிற்கும் இடம்தான் பிழைப்பு: வேலூர் வட்டாரச் சரக்குப் போக்குவரத்துக்குத் திட்டம் போடும் முறை

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று சென்னை ராயபுரத்திலிருந்து புறப்பட்டு நம் வட்டாரத்து வாலாஜா ரோட்டுக்குத்தான் வந்து சேர்ந்தது. இன்று சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவு பகலாக லாரிகள் ஓடுகின்றன. காட்பாடியிலும் ஜோலார்பேட்டையிலும் ரயில் பாதைகள் பிரிகின்றன. சரக்கு கடந்துபோக நம் வட்டாரத்தில் எப்போதும் வழி இருந்திருக்கிறது. ஆனால் கடந்துபோகும் லாரியால் இங்கே யாருக்கும் கூலி கிடைப்பதில்லை. சரக்கு இங்கே இறங்கி, தரம் பிரிக்கப்பட்டு, கட்டப்பட்டு, மறுபடி ஏறினால்தான் நாலு பேருக்கு வேலை.

அதனால் வட்டாரத் திட்டம் என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, சரக்கு எங்கே நிற்க வேண்டும் என்பதுதான். வணிகர் சங்கத்தார், ஊராட்சித் தலைவர்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தினர், ஆர்வமுள்ள மாணவர்கள் என யார் வேண்டுமானாலும் இதைத் தொடங்கலாம். ஒரு நோட்டும் நான்கு பேரும் போதும்.

படி 1: எல்லையைச் சரக்கை வைத்துப் போடுங்கள்

வட ஆற்காடு 1989இல் பிரிந்தது. 2019இல் வேலூர் மாவட்டமும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. சரக்குக்கு இந்தக் கோடுகள் தெரியாது. ராணிப்பேட்டையில் பதனிட்ட தோல் திருப்பத்தூர் மாவட்டத்து ஆம்பூருக்குக் காலணியாகப் போகிறது. குடியாத்தம் லுங்கி பேரணாம்பட்டு வழியாகக் கர்நாடகத்துக்குப் போகிறது. எனவே பழைய வட ஆற்காட்டின் வடபகுதியோடு சித்தூரையும் வரைபடத்தில் சேருங்கள்.

சித்தூரைச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் தூரத்தில் பாதிகூட வராது சித்தூர். ஆனால் மாநில எல்லை தாண்டுவதால், வரிக்குரிய சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினாலே, சரக்கோடு கொண்டுபோக வேண்டிய ஜிஎஸ்டி ஆவணமான மின்வழிச் சீட்டு (இ-வே பில்) வேண்டும். தமிழ்நாட்டுக்குள் அந்த வரம்பு ஒரு லட்சம். சிறு வியாபாரி எந்தப் பக்கம் சரக்கு அனுப்புவது என்று முடிவெடுக்கும்போது இதுவும் ஒரு கணக்கு.

படி 2: ஒரே ஒரு சரக்கின் பின்னால் போங்கள்

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அளக்கப் போனால் எதுவும் மிஞ்சாது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் நல்ல தொடக்கம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தக் காய் விரைவில் வாடிவிடும். காலை விற்பனைக்குத் தவறினால் விலை போய்விடும். பறித்த வயலில் தொடங்கி வாங்கிச் செல்பவரின் கூடை வரை கூடவே போங்கள். எங்கே எடை போட்டார்கள், எத்தனை கைகள் மாறின, எத்தனை மணி நேரம் வெயிலில் கிடந்தது, ஒவ்வொரு இடத்திலும் யாருக்கு எவ்வளவு கூலி என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்த அரசு அறிக்கையிலும் கிடைக்காத விவரம் இது.

லுங்கி எடை குறைவானது, கெடாது, ஒரு நாள் காத்திருக்கும். தீப்பெட்டிக்கோ தீ பற்றும் ஆபத்து இருப்பதால் தனி விதிகள் உண்டு. குடியாத்தத்தில் இரண்டுமே உருவாகின்றன என்பதற்காக ஒரே வண்டியில் ஏற்றிவிடலாம் என்று எழுதிவிடாதீர்கள்.

படி 3: சாலையில் நின்று எண்ணுங்கள்

வேலூர் கிரீன் சர்க்கிளின் அணுகுசாலை, காட்பாடியில் சித்தூர் சாலை பிரியும் இடம், குடியாத்தம் நகர எல்லை ஆகிய மூன்று இடங்களில் ஆட்களை நிறுத்துங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வரி எழுதினால் போதும். குட்டி யானை, இரண்டு அச்சு லாரி, மூன்று அச்சு லாரி, கன்டெய்னர் என்று வகை பிரியுங்கள். பொய்கையில் மாட்டுச் சந்தை கூடும் செவ்வாய்க்கிழமை ஒரு நாளும், சாதாரண நாள் ஒன்றும் எண்ணினால் வித்தியாசம் விளங்கும்.

வண்டி காலியா, லோடு இருக்கிறதா என்பதுதான் இதில் உயிர்நாடி. நிறுத்திக் கேட்க முடியாது. பார்த்தே சொல்லப் பழக வேண்டும். தார்ப்பாய் இழுத்துக் கட்டிக் கயிறு விறைப்பாக இருந்தால் லோடு இருக்கிறது. தார்ப்பாய் மடித்துக் கேபின் மேல் கிடந்தால் பெரும்பாலும் காலி. பின் சக்கரத்துக்கு மேலுள்ள ஸ்பிரிங் பட்டைகளைப் பாருங்கள். பாரம் இருந்தால் அவை வளைவு குறைந்து படிந்திருக்கும், டயரின் அடிப்பக்கம் பிதுங்கும். காலி வண்டி பள்ளத்தில் இறங்கும்போது பின்பக்கம் துள்ளும், கதவுச் சங்கிலி கலகலக்கும். சிறிது நேரம் கவனித்தாலே கண் பழகிவிடும்.

சந்தேகம் இருந்தால் எடைமேடைக்காரரிடம் கேளுங்கள். ஊரில் எந்த வண்டி எதை ஏற்றி எந்த நேரத்தில் போகிறது என்பது அவருக்கு அத்துப்படி.

படி 4: காலி ஓட்டத்தைப் பணமாக மாற்றிக் காட்டுங்கள்

கணக்கின் முறை புரிவதற்காக ஓர் எடுத்துக்காட்டு. டீசல், டிரைவர் பேட்டா, சுங்கம் எல்லாம் சேர்த்து ஒரு லாரி போய்வர 6,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். 4 டன் ஏற்றிப் போய்க் காலியாகத் திரும்பினால் டன்னுக்கு 1,500 ரூபாய். திரும்பும்போது 3 டன் ரிட்டர்ன் லோடு கிடைத்தால் 6,000த்தை 7ஆல் வகுக்க வேண்டும். டன்னுக்கு ஏறக்குறைய 857 ரூபாய். அந்த வித்தியாசம் நெசவாளிக்கும் விவசாயிக்கும் லாரி உரிமையாளருக்கும் பிரியக்கூடிய பணம்.

இதைத் தோல் தொழிலில் பாருங்கள். ஏற்றுமதிக்குக் காலணி ஏற்ற வேண்டுமென்றால், காலி கன்டெய்னர் சென்னைப் பக்கத்திலிருந்து ஆம்பூருக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர் வர வேண்டும். அதே நேரம், வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான சரக்கை ராணிப்பேட்டையில் இறக்கிவிட்டு இன்னொரு கன்டெய்னர் காலியாகச் சென்னைக்குத் திரும்பக்கூடும். அது ஆம்பூருக்கு வந்து காலணி ஏற்றிக்கொண்டு போனால், சென்னையிலிருந்து வரும் ஒரு காலி ஓட்டம் மிச்சம். கப்பல் நிறுவனம் ஒன்றாக இருக்க வேண்டும், அளவு பொருந்த வேண்டும், பெட்டியைச் சோதித்துத் தகுதி பார்க்க வட்டாரத்திலேயே இடம் வேண்டும். அந்தச் சோதனை, பழுதுபார்ப்பு, கழுவுதல் எல்லாமே இங்குள்ள இளைஞர்களுக்கு வேலை. என் பார்வையில், இந்த வட்டாரத்தில் முதலில் தொட வேண்டிய இடம் இதுதான்.

அதிகப் பாரம் ஏற்றிச் செலவைக் குறைக்கலாம் என்ற யோசனையைத் திட்டத்தில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். 2019 சட்டத் திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2,000. அதையும்விட, பிரேக் பிடிக்காத லாரியில் போவது ஓர் உயிர்.

படி 5: ரயிலுக்கு எது பொருந்தும் என்று பாருங்கள்

முழு சரக்கு ரயில் என்றால் 2,000 டன்னுக்கு மேல். சிமெண்ட், உரம், அரிசிக்கு அது சரி. லுங்கிக்கு அது ஆகாது. 23 டன் கொள்ளும் பார்சல் பெட்டியைப் பல சிறு வியாபாரிகள் சேர்ந்து நிரப்ப முடியுமா என்று பாருங்கள்.

படி 6: வேலையை ஆள்-நாளாக எண்ணுங்கள்

“பல நூறு பேருக்கு வேலை கிடைக்கும்” என்ற வாக்கியத்தை எழுதாதீர்கள். ஒருவர் எட்டு மணி நேரம் செய்யும் வேலை ஓர் ஆள்-நாள். எட்டுப் பேர் இரண்டு மணி நேரம் ஏற்றினால் பதினாறு மணி நேரம், அதாவது இரண்டு ஆள்-நாள். இப்படி ஒவ்வொரு இடத்துக்கும் கணக்குப் போடுங்கள். பெண்களுக்கு எத்தனை, இரவு வேலை எத்தனை, வருடம் முழுவதும் இருக்குமா என்றும் பிரித்துக் காட்டுங்கள். மூட்டை தூக்கும் எந்திர வண்டி (ஃபோர்க்லிஃப்ட்) வந்தால் லோடு மேன்களின் வேலை குறையும். அதை மறைக்காமல் எழுதி, அவர்களில் யாருக்கு என்ன பயிற்சி தரலாம் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். முதுகு ஒடிய மூட்டை சுமந்தவர்களைக் கேட்காமல் எழுதும் திட்டத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கட்டப்பட்டு வரும் சென்னை–பெங்களூரு விரைவுச்சாலை ராணிப்பேட்டை வழியாகப் போகிறது. அதில் நினைத்த இடத்தில் ஏறி இறங்க முடியாது. இறங்கும் வழிக்கு அருகில் கிடங்கு, எடைமேடை, லாரி நிறுத்தம் ஆகியவற்றுக்கு இப்போதே இடம் குறித்தால்தான் அந்தச் சாலையால் நமக்கு வேலை வரும்.

படி 7: சரியான மேசைக்குக் கொண்டுபோங்கள்

இரண்டு பக்கத்தில் சுருக்கம், ஒரு வரைபடம், காலி ஓட்டக் கணக்கு ஆகிய மூன்றையும் மூன்று மாவட்ட ஆட்சியர்களிடமும் கொடுங்கள். நெடுஞ்சாலை இறங்குவழி பற்றிய கோரிக்கை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்குப் போக வேண்டும். ரயில் கோரிக்கையில் கவனம் தேவை: காட்பாடி சந்திப்பு சென்னைக் கோட்டத்தில் இருக்கிறது, சில கிலோமீட்டர் தள்ளியுள்ள வேலூர் கன்டோன்மென்ட் திருச்சிக் கோட்டத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனியாக எழுதுங்கள்.

கோரிக்கைகளில் முதலாவதாக, லாரி ஓட்டுநர்கள் தூங்கவும் குளிக்கவும் வெளிச்சமுள்ள நிறுத்தம் ஒன்றைக் கேளுங்கள். ஆறு மாதம் கழித்து அதே மூன்று இடங்களில், அதே கிழமைகளில் மீண்டும் எண்ணி, காலி வண்டிகளின் பங்கு குறைந்ததா என்று பாருங்கள்.