சாளரம் உறைவதும் செய்தி அறுபடுவதும்: தொடக்க நிரலாளருக்கான வழிகாட்டி

ஒரு சாளரம், அதில் ஓர் உரைப்பெட்டி, ஓர் ‘அனுப்பு’ பொத்தான், மறுமுனையில் ஒரு சர்வர். இந்த அளவுக்குச் சிறிய அரட்டை நிரல் ஒன்றை எழுதத் தொடங்குபவர், டெஸ்க்டாப் நிரலாக்கத்தின் தொல்லைகளையும் நெட்வொர்க் நிரலாக்கத்தின் தொல்லைகளையும் ஓரிரு நாள்களுக்குள் சந்தித்துவிடுவார். இவ்விரண்டையும் தனித்தனிப் பாடங்களாகவே நாம் படிக்கிறோம். ஆனால் தொடக்கத்தில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: அழைத்த செயற்கூறு உடனே திரும்பிவிடும், திரும்பும்போது கேட்டதை முழுமையாகக் கொண்டுவரும் என்ற நம்பிக்கை. வட்டில் உள்ள சிறிய கோப்பைப் படிக்கும் நிரலில் இந்த நம்பிக்கை பொய்ப்பதில்லை என்பதால்தான் அது நம் மனத்தில் அவ்வளவு ஆழமாகப் பதிந்துவிடுகிறது. கீழே வரும் எடுத்துக்காட்டுகள் பைத்தான் மொழியையும் அதனுடன் வரும் டிகேஇன்டர் என்னும் சாளர நூலகத்தையும் ஒட்டியவை. பிற மொழிகளில் பெயர்கள் மாறுமே தவிர நடப்பது மாறாது.

சாளரம் ஏன் உறைகிறது?

பொத்தானை அழுத்தியதும் சாளரம் அசையாமல் நின்றுவிடுகிறது. நகர்த்த முடியவில்லை, மூட முடியவில்லை. விண்டோஸில் ஏறத்தாழ 5 நொடிகளுக்குப் பின் தலைப்பில் ‘பதிலளிக்கவில்லை’ என்ற அறிவிப்பு வந்துவிடுகிறது. நிரல் செத்துவிட்டதாகத் தோன்றினாலும் உண்மையில் அது காத்துக்கொண்டிருக்கிறது. வரைகலை நிரல் ஒவ்வொன்றின் உள்ளும் ஒரு நிகழ்வுச் சுழற்சி ஓடுகிறது. சுட்டி அசைவு, விசையழுத்தம், சாளரத்தை மீண்டும் வரையவேண்டிய கோரிக்கை ஆகிய அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக் கையாள்வது அந்தச் சுழற்சியே. பொத்தானுக்காக நாம் எழுதிய செயற்கூறும் அதே சுழற்சிக்குள்தான் இயங்குகிறது. அங்கே கனெக்ட் அல்லது ரிசீவ் போன்ற ஓர் அழைப்பு மறுமுனையின் பதிலுக்காக 20 நொடி காத்திருந்தால், அந்த 20 நொடியும் சுழற்சி நின்றுபோகிறது.

தீர்வு, காத்திருக்கும் வேலையை வேறொரு த்ரெட்டுக்கு, அதாவது அதே நிரலுக்குள் இணையாக ஓடும் தனி இயக்க இழைக்கு, மாற்றுவது. இதைச் செய்தவுடன் பலரும் அடுத்த பள்ளத்தில் விழுகிறார்கள்: பின்னணி த்ரெட்டிலிருந்தே உரைப்பெட்டியில் எழுத முயல்கிறார்கள். சாளரக் கூறுகளை அவற்றுக்குரிய முதன்மை த்ரெட் மட்டுமே தொடவேண்டும் என்பது ஏறத்தாழ எல்லா வரைகலை நூலகங்களுக்கும் பொதுவான விதி. இதை மீறினால் எப்போதும் பிழைச்செய்தி வரும் என்று எதிர்பார்க்க முடியாது. விண்டோஸ் ஃபார்ம்ஸ் நிரல் பிழைநீக்கியின் கீழ் ஓடும்போது வெளிப்படையாகத் தடுத்துவிடும்; ஜாவாவின் ஸ்விங் பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது. ஒன்பது முறை ஒழுங்காக ஓடிப் பத்தாம் முறை கோளாறு செய்யும் நிரல்தான் கண்டுபிடிக்க மிகக் கடினமானது.

டிகேஇன்டரில் நான் பரிந்துரைக்கும் முறை இது. முதலில், க்யூ தொகுதியிலிருந்து ஒரு வரிசையை உருவாக்குங்கள். பின்னணி த்ரெட் சாக்கெட்டில் (நெட்வொர்க் இணைப்பின் நம் பக்க முனையில்) வந்த செய்தியை அந்த வரிசையில் போடட்டும். சாளரத்தைத் தொடவே வேண்டாம். முதன்மை த்ரெட்டில் ஆஃப்டர் என்னும் செயற்கூறு வழியாக 100 மில்லிநொடிக்கு ஒருமுறை வரிசையைப் பாருங்கள். இருப்பதை எடுத்துத் திரையில் எழுதிவிட்டு, அடுத்த 100 மில்லிநொடிக்கு மீண்டும் ஆஃப்டரை அழையுங்கள். வரிசையிலிருந்து எடுக்கும்போது காத்திருக்காமல் உடனே திரும்பும் வகையையே பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் உறைவு வேறொரு வாசல் வழியாக மீண்டும் உள்ளே வந்துவிடும். க்யூட்டியில் சிக்னல்–ஸ்லாட் முறையும், ஸ்விங்கில் இன்வோக்லேட்டரும், விண்டோஸ் ஃபார்ம்ஸில் பிகின்இன்வோக்கும் இதே வேலையைச் செய்கின்றன.

நீண்ட வேலையின் நடுநடுவே அப்டேட் செயற்கூறை அழைத்துச் சாளரத்தை உயிர்ப்பிக்கும் குறுக்குவழி ஒன்று பரவலாகப் பழக்கத்தில் உள்ளது. அதை நான் விரும்புவதில்லை. அந்த இடைவெளியில் பயனர் அதே பொத்தானை மறுபடி அழுத்தினால், முதல் வேலை முடியும் முன்பே அதற்குள்ளேயே இரண்டாம் வேலை தொடங்கிவிடும்.

டிகேஇன்டரில் படம் காட்டும்போது, பிழைச்செய்தி ஏதுமின்றிப் படம் மட்டும் வெற்றிடமாகத் தெரிந்தால், படப்பொருளைச் செயற்கூறுக்குள் உள்ளூர் மாறியில் வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். செயற்கூறு முடிந்ததும் அது நினைவகத்திலிருந்து நீக்கப்பட்டுவிடுகிறது. ஏதேனும் ஒரு நிலையான பொருளின் பண்பாக அதைச் சேமித்துவைத்தால் போதும்.

செய்தி ஏன் அறுபட்டு வருகிறது?

இப்பகுதியை நிதானமாகப் படிக்கவேண்டும், ஏனெனில் இங்கே தவறு செய்த நிரல் சொந்தக் கணினியில் குறையின்றி ஓடிக் காட்டி நம்மை ஏமாற்றும். சர்வரும் கிளையன்ட்டும் ஒரே கணினியில் இருக்கும்போது அனுப்பியது அப்படியே வருகிறது. இரண்டு கணினிகளுக்கு மாற்றியவுடன் ஒரு செய்தி இரண்டாகப் பிரிந்து வருகிறது, அல்லது இரண்டு செய்திகள் ஒன்றாக ஒட்டி வருகின்றன. என் முதல் அரட்டை நிரலில் இதைக் கண்டபோது நெட்வொர்க் கேபிளைச் சந்தேகித்து மாற்றிப் பார்த்தேன்.

கேபிளில் குற்றமில்லை. நம் நிரல் தரவை அனுப்பும் நெறிமுறையான டிசிபி என்பது பைட்டுகளின் ஓட்டம். அதற்குச் ‘செய்தி’ என்ற கருத்தே கிடையாது. அனுப்பிய பைட்டுகள் அனுப்பிய வரிசையில் வந்துசேரும் என்பதை மட்டுமே அது உறுதியளிக்கிறது. எத்தனை சென்ட் அழைப்போ அத்தனை ரிசீவ் அழைப்பு என்று அது எங்கும் சொல்வதில்லை. வழக்கமான ஈதர்நெட் இணைப்பில் ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு 1500 பைட். தலைப்புகள் போக டிசிபி தரவுக்கு 1460 பைட் அளவே கிடைக்கும். லினக்ஸில் கணினி தன்னுடனேயே பேசும் லூப்பேக் வழியிலோ அந்த உச்ச அளவு 65,536 பைட். சொந்தக் கணினியில் முழுதாக வந்த செய்தி வெளியே போனதும் துண்டாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே எங்கே ஒரு செய்தி முடிகிறது என்பதை நாமே குறிக்கவேண்டும். உரைச் செய்திகள் மட்டுமே எனில், ஒவ்வொன்றின் இறுதியிலும் புதுவரிக் குறியை வைத்து, வந்த பைட்டுகளை ஓர் இடையகத்தில் சேர்த்து, புதுவரி தென்படும் இடத்தில் வெட்டி எடுக்கலாம். படம், கோப்பு போன்றவையும் போகவேண்டும் எனில், செய்திக்கு முன்பாக அதன் நீளத்தை 4 பைட் எண்ணாக அனுப்புவதே நல்லது. பெறுபவர் முதலில் சரியாக 4 பைட் சேரும்வரை ரிசீவை மீண்டும் மீண்டும் அழைக்கவேண்டும். நீளம் தெரிந்தபின் அத்தனை பைட் சேரும்வரை அதே சுழற்சியைத் தொடரவேண்டும். இதை ‘சரியாக இத்தனை பைட் படி’ என்ற தனிச் செயற்கூறாக எழுதி வைத்துக்கொண்டால் நிரலின் மற்ற பகுதிகள் எளிதாகிவிடும். அந்தச் செயற்கூறில், ரிசீவ் வெற்றுப் பைட்டுகளைத் திருப்பினால் மறுமுனை இணைப்பை மூடிவிட்டது என்று பொருள் கொண்டு வெளியேற வேண்டும்; இதை மறந்த நிரல் முடிவில்லாமல் சுழன்று செயலகத்தின் வேகம் முழுவதையும் தின்றுவிடும். அனுப்பும் பக்கத்தில் சென்ட் அழைப்பும் ஒரு பகுதியை மட்டும் அனுப்பிவிட்டுத் திரும்பக்கூடும். பைத்தானில் சென்ட்ஆல் இதைக் கவனித்துக்கொள்ளும்.

நீளம் என்று சொல்லும்போது எழுத்துகளின் எண்ணிக்கையையா பைட்டுகளின் எண்ணிக்கையையா என்பதில் தமிழில் எழுதுபவர் கூடுதல் விழிப்போடு இருக்கவேண்டும். ‘தமிழ்’ என்ற சொல் நம் கண்ணுக்கு 3 எழுத்து. யூனிகோடில் 5 குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் 15 பைட். பைத்தானின் லென் செயற்கூறு இந்தச் சரத்துக்கு 5 என்றே சொல்லும். அதை நீளமாக அனுப்பினால் மறுமுனை 5 பைட்டோடு நிறுத்தி, ஒரு குறியீட்டின் நடுவில் வெட்டுண்ட துண்டைப் பிரிக்க முடியாமல் விதிவிலக்கு (இயங்கும்போது எழும் பிழை) எழுப்பும். முதலில் சரத்தைப் பைட்டுகளாக மாற்றுங்கள், பிறகு நீளத்தை எடுங்கள். பெறும்போதோ, முழுச் செய்தியும் சேர்ந்தபின்பே எழுத்தாக மாற்றுங்கள். ஆங்கில எழுத்துக்கு 1 பைட்டே என்பதால் ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவருக்கு இந்தப் பிழை தெரியவே தெரியாது.

15 என அனுப்பிய நீளம் மறுமுனையில் 25,16,58,240 என்று தெரிந்தால், நான்கு பைட்டுகளும் தலைகீழாகப் படிக்கப்பட்டுள்ளன. இரு முனைகளும் பெரிய இலக்கம் முதலில் வரும் நெட்வொர்க் வரிசையையே பின்பற்றவேண்டும்; ஸ்ட்ரக்ட் தொகுதியில் வடிவச் சரத்தை ஆச்சரியக்குறியுடன் தொடங்கினால் அது கிடைக்கும். வந்த நீளத்துக்கு ஓர் உச்சவரம்பும் வையுங்கள். 4 பைட்டில் ஏறத்தாழ 400 கோடி வரை எழுதலாம். அதை நம்பி நினைவகம் ஒதுக்கும் சர்வரை யார் வேண்டுமானாலும் கவிழ்த்துவிடலாம்.

இணைப்பே கிடைக்காதபோது

பிழைச்செய்தியின் சொற்களைக் கவனித்துப் படித்தால் பாதி வேலை முடிந்துவிடும். ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்பது பெரும்பாலும் நல்ல செய்தி: கணினி எட்டும் தூரத்தில் இருக்கிறது, அந்தப் போர்ட்டில் (கணினிக்குள் எந்த நிரலுக்கான இணைப்பு என்பதைக் குறிக்கும் எண்ணில்) யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சர்வர் ஓடுகிறதா, போர்ட் எண் சரியா என்று பாருங்கள். ‘நேரம் கடந்துவிட்டது’ எனில் பதிலே வரவில்லை. ஃபயர்வால் பொட்டலங்களை ஓசையின்றி விழுங்குகிறது, அல்லது முகவரி தவறு.

சொந்தக் கணினியிலிருந்து இணைய முடிகிறது, பக்கத்துக் கணினியிலிருந்து முடியவில்லை என்றால், முதலில் பார்க்கவேண்டியது, சர்வர் எந்த முகவரியில் கேட்கும் என்பதை முடிவுசெய்யும் பைண்ட் அழைப்பில் கொடுத்த முகவரி. 127.0.0.1 எனக் கொடுத்த சர்வர் தன் கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்புகளை மட்டுமே ஏற்கும். எல்லா ஐபிவி4 இடைமுகங்களிலும் கேட்க 0.0.0.0 எனக் கொடுக்கவேண்டும். வெளியார் அணுகத் தேவையில்லாத நிரலுக்கு அப்படித் திறந்துவைப்பது முறையன்று. லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயர் சில கணினிகளில் முதலில் ஐபிவி6 முகவரியாக மாறும் என்பதும் நினைவிருக்கட்டும்.

சர்வரை நிறுத்தி உடனே தொடங்கினால் ‘முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது’ என்று வருவதற்குக் காரணம், இணைப்பை முதலில் மூடிய முனை சிறிது நேரம் டைம்-வெயிட் நிலையில் தங்குவதே. லினக்ஸில் இது 60 நொடி. பைண்ட் அழைப்புக்கு முன் ரீயூஸ்அட்ரஸ் விருப்பத்தை இயக்கினால் தீரும். விண்டோஸில் அதே விருப்பத்துக்குப் பொருள் வேறு. வேறொரு நிரல் பிடித்திருக்கும் போர்ட்டையே மற்றொன்று பறித்துக்கொள்ள அது இடம் கொடுக்கக்கூடும் என்பதால் அங்கே இயக்காமல் விடுங்கள்.

இணைப்பு இருந்தும் இல்லாதபோது

மறுமுனைக் கணினியின் மின்சாரம் நின்றுபோனால், நம் பக்கம் ரிசீவ் அழைப்பு எந்தப் பிழையும் இன்றிக் காத்துக்கொண்டே இருக்கும். சாக்கெட்டுக்கு இயல்பாகக் கால வரம்பு ஏதும் இல்லை. மறுமுனை உயிரோடிருக்கிறதா எனச் சோதிக்கும் டிசிபியின் கீப்அலைவ் வசதியை இயக்கினாலும் லினக்ஸின் இயல்பமைப்பில் முதல் சோதனை 7200 நொடி, அதாவது 2 மணி நேரம் கழித்தே நடக்கும். அரட்டை நிரலில் 30 நொடிக்கு ஒருமுறை ஒரு சிறு ‘இருக்கிறேன்’ செய்தியை அனுப்பி, 90 நொடி எதுவும் வராவிட்டால் இணைப்பு போனதாகக் கொள்வது நடைமுறைக்கு உகந்தது. இந்த எண்கள் என் தேர்வு. உங்கள் தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நிரலை மூடும்போது

சாளரத்தை மூடிவிட்டோம், ஆனால் பணிப் பட்டியலில் நிரல் இன்னும் உயிரோடிருக்கிறது, போர்ட்டையும் விடவில்லை. பின்னணி த்ரெட் ரிசீவில் காத்திருப்பதால் நிரல் முடிய மறுக்கிறது. சாளரம் மூடப்படும் நிகழ்வைப் பிடித்து, நிறுத்தக் கொடியை (நிற்கவேண்டும் என்று த்ரெட்டுக்குச் சொல்லும் மாறியை) உயர்த்துங்கள். பிறகு சாக்கெட்டில் ஷட்டவுனை அழைத்து, அதன்பின் குளோஸை அழையுங்கள். குளோஸ் மட்டும் அழைத்தால் லினக்ஸில் காத்திருக்கும் த்ரெட் விழித்துக்கொள்ளாமலே இருந்துவிடலாம். ஷட்டவுன் அதை எழுப்பிவிடும். விழித்த த்ரெட்டில் எழும் விதிவிலக்கை, நிறுத்தக் கொடி உயர்ந்திருந்தால் மட்டும் புறக்கணியுங்கள். மற்ற நேரங்களில் அதைக் கோப்பில் பதிவு செய்யுங்கள், ஏனெனில் கன்சோல் இல்லாமல் ஓடும் நிரலில் பின்னணி த்ரெட்டின் பிழை யார் கண்ணிலும் படாது. த்ரெட் முடிவதற்காக ஜாயினில் ஓரிரு நொடி வரம்போடு காத்திருந்து, நிலுவையில் உள்ள ஆஃப்டர் அழைப்பை நீக்கிவிட்டு, கடைசியாகச் சாளரத்தை அழியுங்கள். அந்த வரிசை மாறினால், இல்லாத சாளரத்தில் எழுத முயலும் பிழைச்செய்தி ஒன்று நிரலின் கடைசி வரியாக வந்து நிற்கும்.