மலைக்குளிரில் ஆமைக்குச் சாப்பாடு: தோட்டத்தில் எதைப் பறிக்கலாம், எதை விட்டுவிடலாம்

எங்கள் வீட்டு ஆமையின் பெயர் செங்கல். சல்கேட்டா இனம். கோத்தகிரிக்கு வந்த முதல் டிசம்பரில் மூன்று நாள் வாயே திறக்கவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒரு சாக்கு நிறைய கோஸின் வெளி இலைகளைக் கொடுத்திருந்தார். பழியைக் கோஸ் மேல் போட்டேன். கீரையை மாற்றினேன், கேரட்டைத் துருவினேன், வாழைப்பழம்கூடக் காட்டிப் பார்த்தேன். தலையை உள்ளே இழுத்துக்கொண்டதுதான் மிச்சம். கடைசியில் பார்த்தால் கோஸ் பாவம். எல்லாம் குளிர் செய்த வேலை.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. வீட்டில் இருப்பது நட்சத்திர ஆமை என்றால் இதைப் படிப்பதை விட்டுவிட்டு வனத்துறையிடம் பேசுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்க்கக் கூடாது. சல்கேட்டா வெளிநாட்டு இனம்; அதையும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும்.

முதலில் சூடு, பிறகு சாப்பாடு

சல்கேட்டா சஹாரா பாலைவனத்தின் தென்விளிம்பில் வாழும் பிராணி. குளிர்காலத்தில் தூங்கிக் கழிக்கும் பழக்கம் அதற்குக் கிடையாது. உடம்பு சூடாகாவிட்டால் தின்றது வயிற்றில் அப்படியே கிடக்கும். வெயில் காயும் இடத்தில் 35 டிகிரி வைத்திருக்கிறேன். இரவில் பெட்டிக்குள் 20க்குக் கீழே இறங்கவிடுவதில்லை. வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரும் தெர்மோஸ்டாட்டும் போதும். சிவப்பு பல்பு எனக்குப் பிடிக்காது, ராத்திரி முழுக்க எரிந்துகொண்டிருந்தால் அது எப்படித் தூங்கும்? காலையில் ஒரு மணி நேரமாவது காய்ந்த பிறகுதான் தட்டு.

தட்டு என்றால் தட்டு இல்லை, உடைந்த கடப்பா கல் துண்டு. மண் வயிற்றுக்குள் போகாது, உரசி உரசி அலகும் தேயும்.

தோட்டத்துக்குள் போகலாம்

சல்கேட்டாவுக்கு முக்கால் பங்குக்கு மேல் புல்தான். அருகம்புல், இங்கே எல்லா வீட்டு முன்னாலும் மண்டிக் கிடக்கும் கிக்குயு, எதுவானாலும் சரி. காய்கறி என்பது ஊறுகாய் மாதிரி.

தயங்காமல் பறிப்பவை: செம்பருத்திப் பூவும் இலையும், மல்பெரி இலை, வேலியோரம் ஆரஞ்சு நிறத்தில் பூக்கும் நாஸ்டர்ஷியம், புல்வெளியில் மஞ்சளாகப் பூக்கும் டேன்டிலியன். கடைசி இரண்டையும் தோட்டக்காரர்கள் களை என்று பிடுங்கி எறிவார்கள். எறிவதற்கு முன்னால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வாரத்துக்கு இரண்டு முறை, கொஞ்சமாக: மேரக்காய், பூசணி, கேரட் இலை, முள்ளங்கி இலை. கேரட் கிழங்கு இனிப்பு. துருவி ஒரு சிட்டிகை போதும். கோஸ், காலிபிளவர், நூல்கோல் இலைகளை எப்போதாவது கொடுக்கலாம். தினமும் கொடுத்தால் தைராய்டைக் கெடுக்கும்.

வேண்டாதவை: பாலக், பீட்ரூட் இலை. இரண்டிலும் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. பீன்ஸ், பட்டாணியில் புரதம் அதிகம், அதுவும் வேண்டாம். உருளைக்கிழங்குச் செடி, தக்காளிச் செடி, ருபார்ப் இலை மூன்றும் விஷம். காய்கறிப் பாத்திக்குப் பக்கத்திலேயே அழகுக்கு வளர்க்கும் காலா லில்லி, ஊமத்தை, ஹைட்ரேஞ்சியா, உண்ணிச்செடி எதுவும் ஆமையின் வாய்க்கு எட்டக் கூடாது.

"நாலு கேரட் போட்டா தேஞ்சா போயிரும், தம்பி?" என்று அண்ணன் கேட்டார். ஆமை தேயவில்லை, சாணிதான் கூழாகப் போயிற்று. புல் தின்னும் ஆமையின் சாணியைக் குச்சியால் பிரித்தால் உள்ளே நார் தெரிய வேண்டும், சின்ன அளவு யானைச் சாணி மாதிரி. இனிப்பு பழகிவிட்ட ஆமை புல்லை மதிக்காது. புல்லைக் கத்தரிக்கோலால் பொடியாக நறுக்கி, துருவிய கேரட்டில் பிசறி வைத்து, கேரட்டை நாளுக்கு நாள் குறைத்தேன். செங்கல் வழிக்கு வர ஐந்து வாரம் ஆனது.

மருந்தடித்த தோட்டத்து இலை எவ்வளவு கழுவினாலும் நான் கொடுப்பதில்லை. அதனால் எங்கள் வீட்டில் செங்கலுக்கு இலை வளர்க்கவே நான்கு தொட்டி ஒதுக்கியாகிவிட்டது.

நான் சறுக்கிய இடம்

சாப்பாட்டைச் சரிசெய்த பிறகும் ஓட்டின் ஓரத்தை விரலால் அழுத்தினால் பழைய தோல் செருப்பின் விளிம்பு போல லேசாக அமுங்கியது. எனக்குப் புரியவே இல்லை. கண்ணாடி வராண்டாவில் தினமும் நாலு மணி நேரம் வெயிலில் விடுகிறேனே?

கோயம்புத்தூரில் மருத்துவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "கண்ணாடி திறந்திருக்குமா, மூடியிருக்குமா?"

மூடித்தான் இருக்கும், குளிருமே! சாதாரண ஜன்னல் கண்ணாடி வெயிலின் சூட்டை உள்ளே விடும். ஆனால் வெயிலில் உள்ள யூவிபி என்ற புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும், அது இருந்தால்தான் சுண்ணாம்புச் சத்து ஓட்டில் சேரும். நான் தேடித் தேடிப் பறித்த செம்பருத்தி இலையெல்லாம் வீண்.

இப்போது வெயில் அடித்தால் புல்வெளியில், மேலே வலை போட்ட கூண்டுக்குள் விடுகிறேன், ஓரத்தில் நிழலும் வைத்து. மூடுபனி நாட்களில் யூவிபி குழல் விளக்கு. வாங்கினால் நீளக் குழலாக வாங்குங்கள், சின்ன சுருள் பல்பு என் கணக்கில் காசுக்குக் கேடு. வெளிச்சம் நன்றாகவே இருந்தாலும் கதிர் வருடத்துக்குள் மங்கிவிடும், அதனால் மாட்டிய தேதியை அதன் மேலேயே எழுதி வைக்கிறேன். சுண்ணாம்புச் சத்துக்கு லவ் பேர்ட்ஸ் கடையில் கிடைக்கும் கணவாய் ஓடு. ஒன்றைக் கூண்டில் போட்டால் தானே கடித்துக்கொள்ளும்.

வாரம் இரண்டு முறை வெதுவெதுப்பான தண்ணீரில், தாடை மூழ்காத அளவுக்கு, கால் மணி நேரம் உட்கார வைப்பேன். அப்போது சிறுநீரோடு வெள்ளையாகத் தயிர் போல வந்தால் நல்லது. விரலில் தேய்த்தால் ஈரமணல் போல நெருநெருவென்றால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

பின்சேர்க்கை

கொடைக்கானலிலிருந்து ஒருவர் மலைப்பூண்டுத் தாளைக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம். வெங்காயத் தாளும் வேண்டாம்.

ஊட்டியிலிருந்து இன்னொருவர்: மழையில் இரண்டு நாள் கரண்ட் போனால் என்ன செய்வது? எனக்கு இது எழுதும்போது தோன்றவே இல்லை, ஆனால் நியாயமான கேள்வி. சுடுதண்ணீர்ப் பையைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு மூலையில் வையுங்கள். சூடு அதிகமானால் ஆமை நகர்ந்துகொள்ள மறு மூலை காலியாக இருக்கட்டும். பெட்டிக்கு மேல் கம்பளி, காற்றுக்கு ஒரு இடைவெளி. தண்ணீர் ஆறியதும் மாற்ற வேண்டும், ராத்திரி அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் வந்து உடம்பு சூடாகும்வரை சாப்பாடு எதுவும் வைக்காதீர்கள்.