நாட்டுக்கு நாடு கார்ச் செலவை ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

ஆசிய நாடுகளில் கார்ச் செலவு ஏறுகிறதா இறங்குகிறதா என்று வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகள் ஒப்படை எழுதினால், பெரும்பாலும் முதல் சறுக்கல் நம் இலங்கையின் வரிசையிலேயே நடக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. கிட்டத்தட்ட ஒன்றுமே வராத ஆண்டை அடிப்படையாக வைத்து 2025இன் வளர்ச்சியைக் கணக்கிட்டால், எத்தனை நூறு வீதம் என்றாலும் வரும். அதை இந்தியாவின் வளர்ச்சிக்குப் பக்கத்தில் வைப்பதில் அர்த்தமில்லை. தடைக்கு முந்திய ஆண்டுகளோடு ஒப்பிடுங்கள், அல்லது அந்த இடைவெளியை வெற்றாக விட்டுக் காட்டுங்கள்.

தடைக் காலத்தில் யாரும் காருக்குச் செலவழிக்கவில்லை என்றும் எழுதிவிடக் கூடாது. கல்முனையில் ஒரு பழைய வேகன் ஆர் கார் கைமாறினால், வாங்கியவர் வீட்டிலிருந்து பல இலட்சம் போகிறது, விற்றவர் வீட்டுக்கு அதே பணம் வருகிறது. நாட்டில் ஒரு கார்கூடக் கூடவில்லை. நாடு முழுவதையும் கூட்டிப் பார்க்கும் தேசியக் கணக்கில் இந்த இரண்டும் கழிந்துவிடும், இடையில் வாங்கி விற்றவரின் இலாபம்தான் மிஞ்சும். குடும்பங்களைக் கேட்டெடுத்த செலவு வேறு, தேசியக் கணக்கில் வரும் செலவு வேறு. இலங்கைக்கு முதலாவதையும் மலேசியாவுக்கு இரண்டாவதையும் எடுத்து ஒரே அட்டவணையில் போடுவதுதான் நான் அதிகம் பயப்படும் தவறு. பார்வைக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கும், தவறு பிடிபடாது.

அடுத்தது டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ரூபாயில் அதே தொகையைச் செலவழித்தவர்கூட டொலர்க் கணக்கில் பாதிக்குக் கிட்டக் குறைத்துவிட்டவராகத் தெரிவார். யென் விழுந்ததால் ஜப்பானுக்கும் இதே கதைதான். போக்கைத்தான் பார்க்கிறோம் என்றால், அந்தந்த நாட்டு நாணயத்திலேயே, விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்ப்பது பாதுகாப்பு.

எதை எண்ணியிருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். 2024இல் சீனாவில் 3 கோடியே 10 இலட்சத்துக்கு மேல் வாகனம் விற்றதாக வரும் எண்ணில் ஏற்றுமதியும் அடக்கம், அதுவே 50 இலட்சத்தைத் தாண்டும். இந்தியாவில் உற்பத்தியாளர் சங்கம் வெளியிடுவது தொழிற்சாலையிலிருந்து விற்பனை முகவருக்குப் போன எண்ணிக்கை. அது வாடிக்கையாளர் கைக்குப் போனது அல்ல. போதாக்குறைக்கு அவர்களின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. தாய்லாந்தில் பிக்கப்பை விட்டுவிட்டால் சந்தையில் பெரிய துண்டே காணாமற்போகும். வயலுக்கும் கலியாண வீட்டுக்கும் ஒரே பிக்கப்பில் போகிற அம்பாறைக்காரருக்கு இதை விளக்கவே தேவையில்லை.

சிங்கப்பூரின் எண்ணைப் பார்த்து அங்கே கார் மோகம் ஏறிவிட்டது என்று எழுதுவோரும் உண்டு. அங்கே கார் வைத்திருக்கவே பத்தாண்டு உரிமைச் சான்றிதழ் ஒன்றை ஏலத்தில் எடுக்க வேண்டும். 2023 ஒக்டோபரில் சிறிய கார்களுக்கான சான்றிதழே 1 இலட்சம் சிங்கப்பூர் டொலருக்கு மேல் இருந்தது. அரசு சான்றிதழ் எண்ணிக்கையை இறுக்கும்போது, கார் கூடாமலே செலவு ஏறும்.

மாதக் கணக்கு இன்னும் வழுக்கும். சீனப் புத்தாண்டு சில ஆண்டு ஜனவரியில், சில ஆண்டு பெப்ரவரியில் வரும். பெரும்போக அறுவடைக்கு முந்திய மாதத்தையும் பிந்திய மாதத்தையும் வைத்து மட்டக்களப்புக் கடைக்காரர் வியாபாரம் வளர்ந்தது என்பாரா? சீனக் கணக்கில் ஜனவரி, பெப்ரவரி இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

அப்புறம், மோட்டார் சைக்கிள். வியட்நாமிலும் இந்தோனேசியாவிலும் ஏராளமான வீடுகளின் வாகனமே அதுதான், நம் பக்கமும் அப்படித்தான், ஓட்டோவையும் சேர்த்துக்கொள்ளலாம். அவற்றுக்கு அட்டவணையில் ஒரு பத்தி போடுங்கள். தரவு கிடைக்கவில்லையா, சரி, தலைப்பில் ‘வாகனச் செலவு’ என்று எழுதாமல் ‘கார்ச் செலவு’ என்று மட்டும் எழுதுங்கள்.