ஊரடங்கில் கை கொடுத்த ஸ்டேட்டஸ்

2020 மார்ச் 25 ஊரடங்கோடு சென்னையில் என் சலூனுக்கும் பூட்டு. பழைய ஹேர்கட் படங்களாக வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போட்டுத் தள்ளினேன். யாரும் சீண்டவில்லை. கடையே மூடிக் கிடக்கும்போது அது யாருக்கு வேண்டும்?

அப்புறம் என் மகனுக்கு வீட்டு டிரிம்மரில் முடி வெட்டுவதை வீடியோ எடுத்துப் போட்டேன். பக்கவாட்டில் 6 மி.மீ. சீப்பு மாட்டி, கீழிருந்து மேலாக. உச்சியைத் தொடாதீர்கள், காதோரம் கடைசியில். அன்றிரவே சந்தேகங்கள் குவிந்தன. ஒருவர் பையன் தலை நடுவில் ரோடு போட்டுவிட்டு, அழாத குறையாகப் படம் அனுப்பினார். வீடியோ காலில் சரிசெய்தோம், காசு கேட்கவில்லை.

ஜூன் 1-ல் சென்னை சலூன்களுக்கு அனுமதி கிடைத்ததும், அதே வாட்ஸாப் எண்ணில் அரை மணிக்கு ஒருவர் என்று நேரம் கொடுத்தேன். முதலில் வந்தது அந்த அப்பாவும் பையனும்தான்.