காஸ் விளக்குக்கு மேண்டில் கட்டி ஏற்றும் முறை

ஒக்கிப் புயலைப் போல ஒன்று வந்து மின்சாரம் நாள்கணக்கில் நின்றால், பரணில் கிடக்கும் பெட்ரோமாக்ஸ் காஸ் விளக்கு கைகொடுக்கும். அதை ஏற்றுவதில் பாதிப் பேர் தவறுவது மேண்டிலில்தான், அதாவது சூட்டில் ஒளிரும் அந்தச் சின்னத் துணிப் பையில்தான்.

தொட்டியில் முக்கால் பங்குக்கு மேல் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். மேலே காற்றுக்கு இடம் வேண்டும். பெட்ரோல் கலக்கவே கூடாது. பம்பு காற்று பிடிக்காவிட்டால் தோல் வாஷர் காய்ந்திருக்கும். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள்.

புது மேண்டிலைப் பீங்கான் மூக்கின் பள்ளத்தில் வைத்து, சுருக்கம் சுற்றிலும் ஒரே சீராக விழும்படி நூலை இறுக்கிக் கட்டி, மிச்ச நூலை வெட்டிவிடுங்கள். சுருக்கம் ஒரு பக்கம் குவிந்தால் மேண்டில் கோணலாக ஊதி, அங்கேதான் முதலில் ஓட்டை விழும்.

தொட்டியின் காற்றுத் திருகைத் திறந்து வைத்தபடியே, குழாயின் அடியிலுள்ள கிண்ணம் நிறைய ஸ்பிரிட் விட்டுப் பற்றவையுங்கள். துணி எரிந்து வெள்ளைச் சாம்பல் கூடாகும். ஸ்பிரிட் அணையப் போகும் நேரத்தில் திருகை மூடி, மெதுவாகப் பம்பு அடியுங்கள். அவசரப்பட்டால் மண்ணெண்ணெயை ஆவியாக்கும் குழாய் சூடேறியிருக்காது. ஆவியாகாத மண்ணெண்ணெய் மஞ்சள் தீயாக மேலே எழும். அப்படி எழுந்தால் உடனே காற்றைத் திறந்துவிட்டு, ஆறியபின் மறுபடி ஸ்பிரிட்டிலிருந்து தொடங்குங்கள். வெளிச்சம் துடித்தால், ஆவி வெளிவரும் சிறு துளையான நிப்பிளில் அடைப்பு. கைத்திருகை ஒரு முழுச்சுற்று சுற்றினால் ஊசி அந்தத் துளைக்குள் போய் அடைப்பைக் குத்தி எடுத்துவிடும். ஓட்டை விழுந்த மேண்டிலோடு எரிக்காதீர்கள், அந்த வழியே பாயும் தீ கண்ணாடியை உடைக்கும்.

அந்தச் சாம்பல் கூட்டில்தான் வெளிச்சமே இருக்கிறது. தொடக்கத்தில் காஸ் தெருவிளக்குகள் வெறும் சுடராகவே எரிந்தன. ஆஸ்திரியாவின் கார்ல் அவுவர் 1885-இல் மேண்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு 1 பங்கு என்ற கலவை நிலைத்தது. அந்தத் தோரியம் கிடைக்கும் கனிமமான மோனசைட்டை 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் நம் குமரி மாவட்ட மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கண்டறிந்தார். உலகத்துத் தெருக்களின் வெளிச்சத்துக்கு இந்தக் கரையும் பங்கு கொடுத்தது என்பது நாம் சொல்லிக்கொள்ள வேண்டிய பெருமை.

தோரியம் மெல்லிய கதிர்வீச்சு உடையது. இப்போது தோரியம் இல்லாத இட்ரியம் மேண்டில்களும் கிடைக்கின்றன. எதுவானாலும் உடைந்த சாம்பலை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்துக் கையைக் கழுவுங்கள். அடைத்த அறையில் விளக்கை ஏற்றாதீர்கள். கரியமில வாயுவை விடக் கொடிய கார்பன் மோனாக்சைடு சேரும்.