ஆகாய கங்கை: இறங்கும்போது யாருக்கும் தெரிவதில்லை

மற்ற மலைகளில் மூச்சு வாங்க ஏறினால், திரும்பும்போது ஹாயாக இறங்கி வரலாம். கொல்லிமலையில் கணக்கு தலைகீழ். அறப்பளீசுவரர் கோயில் அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால்தான் ஆகாய கங்கை அருவி. தெம்பாக இருக்கும்போது இறக்கம். குளித்துக் களைத்துப் பசியோடு நிற்கும்போது ஏற்றம். இங்கே பலர் செய்யும் தவறுகளுக்கெல்லாம் மூலம் இதை மறப்பதுதான்.

"பத்து நிமிஷத்தில் பாதி தூரம் வந்துட்டோமே" என்று கீழே ஓடுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். நானும் ஓடியவன்தான். அருவிக்கு அருகே போய் நின்றதும் இரண்டு கெண்டைக்கால்களும் தையல் மெஷின் மாதிரி தடதடவென்று ஆடின. படிகள் ஒரே சீரான உயரத்தில் இல்லை. ஒவ்வொன்றிலும் தொப்பென்று கால் வைத்தால் முட்டிதான் வாங்கிக்கொள்ளும். அதோடு நான் போட்டிருந்தது ஜீன்ஸ். அது நனைந்தபின் அதை இழுத்துக்கொண்டு மேலே வந்த கதை வேண்டாம். லேசான, சீக்கிரம் காயும் துணி போதும். வழுக்காத செருப்போ ஷூவோ கட்டாயம்.

மலையடிவாரத்தில் இருக்கும் காரவள்ளியில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது இன்னொரு தவறு. மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

நேரம் முக்கியம். மற்ற இடங்களை எல்லாம் பார்த்துவிட்டு அருவியைக் கடைசிக்கு வைத்தால், மாலையில் படியிறங்க விடமாட்டார்கள். விட்டாலும் இருட்டில் ஏற வேண்டிவரும். காலையிலேயே இறங்கிவிடுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது கையில் இருக்கட்டும். தின்பண்டத்தை பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டால் குரங்கு உங்களைக் கேட்காது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, தலைக்கு மேலே வெயில் அடிக்கிறதே என்று தண்ணீரை நம்புவது. அருவியில் விழுவது ஐயாறு என்ற மலை ஆறு. மலைமேல் எங்கோ பெய்த மழை, நீங்கள் குளித்துக்கொண்டிருக்கும்போது வந்து சேரும். தெளிவாக விழுந்த தண்ணீர் செம்மண் நிறமாகிறதா, சருகும் குச்சியும் வருகிறதா, இரைச்சல் கூடுகிறதா? துண்டு, செல்போன் எதையும் தேடாமல் படிப்பக்கம் ஏறிவிட வேண்டும். நேராக அருவி விழும் இடத்துக்கு அடியில் நிற்பதும் வேண்டாம். தண்ணீரோடு கல்லும் வரலாம். மழைக்காலத்தில் வெள்ளம் கூடி வழியை மூடியிருந்தால், காவலரிடம் கெஞ்சிப் பயனில்லை, கெஞ்சவும் கூடாது.

அப்புறம், முட்டிவலி உள்ள அம்மா, பெரியப்பாவை "கொஞ்ச தூரம்தான்" என்று ஆசை காட்டி இறக்கிவிடாதீர்கள். நடுவில் முடியாமல் போனால் தூக்கிவர வேறு வழி கிடையாது. இதே மலையில் மாசிலா அருவி இருக்கிறது. அதற்கு இவ்வளவு படிகள் கிடையாது. அவர்களை அங்கே கூட்டிப்போய்க் குளிக்க வைத்து, வழியில் மிளகாய்ப்பொடி தூவிய அன்னாசித் துண்டு வாங்கிக் கொடுங்கள்.