வீடு கட்டும்போது ஆளுக்கு ஒரு யோசனை சொன்னால்…

யார் என்ன சொன்னாலும் மனசு மாறிவிடுகிற ஆட்கள் வீடு கட்டும்போதுதான் அதிகம் அவதிப்படுகிறார்கள். சித்தப்பா சொன்னார் என்று படிக்கட்டை வெளியே போடுவார்கள், மச்சான் வந்து சொன்னதும் அதை உள்ளே கொண்டுவரச் சொல்வார்கள். திருநெல்வேலி பக்கம் வீடு கட்டிக் கொடுக்கிற சிவில் இன்ஜினியர் நான். இந்தக் குணம் உள்ளவர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டுவதற்கு முன்பே ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். எந்த அறை எங்கே வரும் என்பது பிளானிலேயே இருக்கிறது. ஏன் அங்கே வரவேண்டும் என்பதை நோட்டில் எழுதுங்கள். “கீழே ஒரு படுக்கையறை, ஒட்டியே கழிவறை: அப்பாவுக்கு முட்டி வலி.” “சமையலறை ஜன்னல் கிழக்கே: காலையில் அடுப்புப் பக்கம் வெளிச்சம் வேண்டும்.” வெறுமனே ‘பெரிய ஹால்’ என்று எழுதினால் வருகிற முதல் விருந்தாளியே அதை மாற்றிவிடுவார். காரணம் எழுதியிருந்தால், அதைவிட நல்ல வழி அவரிடம் இருக்கிறதா என்று கேட்கலாம். இருந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முன்கூட்டியே எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லிச் சோதித்தார். கூட இருந்தவர்கள் பேசிவைத்துக்கொண்டு தப்பான பதில் சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்களும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு முறை அதையே சொன்னார்கள். கண்ணுக்கு நேராகத் தெரிகிற கோட்டுக்கே அந்தக் கதி! ஆனால் பதிலைத் தனியாக எழுதச் சொன்னபோதும், கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னபோதும் இது வெகுவாகக் குறைந்தது. அதனால் நோட்டும் வேண்டும், உங்கள் பக்கம் நிற்க வீட்டில் ஓர் ஆளும் வேண்டும்.

ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது வாசல் நிலை வைக்கிற நாள். சந்தனம், குங்குமம் வைத்து, மாவிலை கட்டி நிலையை நிறுத்தும்போது சொந்தபந்தம் மொத்தமும் அங்கே நிற்கும். ஒருவர் டேப்பைப் பிடித்துக்கொண்டு, “வாசல் இன்னும் நாலு அங்குலம் தள்ளியிருக்கணும்” என்பார். நாலு பேர் தலையாட்டுவார்கள். அன்றைக்கு எந்த முடிவும் எடுக்காதீர்கள். “சரி சித்தப்பா, இன்ஜினியர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்” என்று சொல்லிவிடுங்கள். பழி என்மேல் வந்தால் வரட்டும், அதற்கும் சேர்த்துத்தான் நான் இருக்கிறேன். வாஸ்து பார்ப்பதானால் பிளான் போடும்போதே பார்த்துவிடுங்கள், அதுவும் ஒரே ஆளிடம்.

எதை எதுவரை மாற்றலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பெயின்ட், டைல்ஸ், கிரில் டிசைனுக்கெல்லாம் வாங்கும்வரை ஊரையே கேட்கலாம். மாடிக் கழிவறை அப்படி இல்லை. அந்த இடத்தில் தளத்தைத் தாழ்த்திச் சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை அடைப்பு) அடிக்கிறோம். கான்கிரீட் போட்டபின் இடம் மாற்றினால் தளத்தை உடைக்க வேண்டிவரும், கம்பியிலும் கை வைக்க நேரும். பீமிலோ தூணிலோ “இவ்வளவு கம்பி எதுக்கு?” என்று யார் சொன்னாலும், டிசைன் போட்டவரைக் கேட்காமல் ஒரு கம்பியைக்கூடக் குறைக்கக் கூடாது.

யோசனை சொல்பவரிடம், “உங்க வீட்டில அப்படித்தான் இருக்கா? மழைக்கு எப்படி இருக்கு?” என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் போய்ப் பாருங்கள். முற்றம் வைத்து வாழ்கிறவர் முற்றத்தைப் பற்றிச் சொல்வதில் நிச்சயம் விஷயம் இருக்கும்.

அப்புறம், பிடித்துப்போன யோசனையை மேஸ்திரியிடம் நேராகச் சொல்லி வேலையை ஆரம்பிக்க விடாதீர்கள். எவ்வளவு கூடுதல் செலவு, எத்தனை நாள் தள்ளிப்போகும் என்று முதலில் எழுதி வாங்குங்கள். அதை நோட்டில் ஒட்டி, கணவன் மனைவி இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.